விடியலுக்கு முன் கிளம்ப வேண்டிய ஊர்

டெத் வேலி, ஜாஷுவா ட்ரீ: அமெரிக்காவின் இரண்டு பாலைவனத் தேசியப் பூங்காக்களை நான்கே நாளில் நிறைவாகப் பார்த்து வர ஒரு பயணத் திட்டம்

ஜூலை மாதம், பகல் ஒரு மணி. கலிஃபோர்னியாவின் டெத் வேலியில், பேட்வாட்டர் என்ற இடத்தில் கார் நின்றது. பின்கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்த அம்மா, "செங்கல் சூளை வாசல்ல நிக்கிற மாதிரி இருக்குப்பா" என்றார். காரின் திரை 49 டிகிரி செல்சியஸ் காட்டியது. கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கும் அந்த இடம்தான் வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்வான நிலம். கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பு. ஆனால் கண்ணைத் திறந்து அதைப் பார்க்க முடியவில்லை. ஐந்து நிமிடத்தில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. தங்கை கையைப் பிடித்து வண்டிக்கு அழைத்து வந்தாள். காலை பத்து மணிக்கு மேல் இங்கே நடக்க வேண்டாம் என்று சொல்லும் எச்சரிக்கைப் பலகை அங்கேயே இருந்தது. திரும்பும்போதுதான் அதைப் படித்தேன்.

அன்று என் கையில் ஒரு பட்டியல் இருந்தது. லாஸ் வேகாஸிலிருந்து கிளம்பி, ஒரே பகலில் ஒன்பது இடங்கள். ஒன்பதுக்கும் போனோம். பெரும்பாலும் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். இரவு விடுதி அறையில் அம்மா கேட்டார்: "இதப் பாக்கவா இத்தனை தூரம் வந்தோம்?" குறை சொல்லும் குரல் இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஒன்றரை ஆண்டு கழித்து, ஒரு பிப்ரவரியில், அம்மா, தங்கை, தங்கையின் கணவர், நான் என அதே நான்கு பேர் அதே பள்ளத்தாக்குக்கு மறுபடி போனோம். இந்தமுறை ஒரு நாளில் பார்க்கும் இடங்களைப் பாதியாகக் குறைத்தோம். நாட்களை நான்காக்கினோம். பட்டியலில் இடத்தின் பெயரை எழுதும் முன் நேரத்தை எழுதினோம். பாலைவனத்தில் நீங்கள் எதைப் பார்க்கப்போகிறீர்கள் என்பதை, எப்போது போகிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. அந்தப் பயணத்தில் கற்றதை, அடுத்து போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாதம்

தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் பெற்றோர் பலர், கோடைக்காலத்தில்தான் வருகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அப்போதுதான் பள்ளி விடுமுறை. லாஸ் வேகாஸ், கிராண்ட் கேன்யன் என்று சுற்றும்போது, "டெத் வேலி இங்கேருந்து ரெண்டு மணி நேரம்தானே" என்று அதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் சேர்த்தோம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: கோடையில் வேண்டாம். நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் போங்கள்.

1913 ஜூலை 10 அன்று, இந்தப் பள்ளத்தாக்கின் நடுவே உள்ள ஃபர்னஸ் கிரீக்கில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. உலக வானிலை அமைப்பின் ஏட்டில் இன்றும் அதுதான் உலகின் உச்ச வெப்பநிலை. 2024 ஜூலையில் அங்கே இரவையும் பகலையும் சேர்த்துக் கணக்கிட்ட மாதச் சராசரியே 42.5 டிகிரி. அதாவது, இரவிலும் உடம்பு ஆறுவதற்கு இடமில்லை. அதே ஊரில் டிசம்பரில் பகல் வெப்பம் 18 டிகிரி அளவில் இருக்கும். நம் ஊட்டியின் இதமான பகல் அது. இரவில் 4 டிகிரிக்கு இறங்கிவிடும்.

இந்த வெயிலுக்குக் காரணம் மலைகள். ஆடி மாதத்தில் கம்பம், தேனிப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மேகம் மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காற்றாக மட்டும் இறங்கும். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, டெத் வேலியை அடையும் முன் சியரா நெவாடா உள்ளிட்ட மலைத்தொடர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்ட வேண்டும். கடைசியில் மிஞ்சுவது ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவு மழை. மரமும் செடியும் அரிதான தரையில் வெயில் நேராக இறங்குகிறது. சூடான காற்று மேலே எழுந்து, இருபுறமும் நிற்கும் மலைச்சுவர்களைத் தாண்ட வழியில்லாமல் மறுபடி பள்ளத்துக்குள் இறங்குகிறது. இறங்கும்போது அழுத்தப்பட்டு இன்னும் சூடாகிறது.

'மரணப் பள்ளத்தாக்கு' என்ற பெயர், 1849இல் தங்கம் தேடிக் கலிஃபோர்னியா போகும் வழியில் இங்கே சிக்கிக்கொண்ட வெளியூர்க்காரர்கள் வைத்தது. நெடுங்காலமாக இங்கேயே வாழும் டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு இது வீடு. அவர்கள் குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் அடியில் வாழ்ந்தார்கள். வெயில் ஏறத் தொடங்கியதும், பைன் கொட்டைகள் விளையும் மலைக்கு ஏறிப்போனார்கள். பூங்கா வந்த பிறகு அவர்களுடைய நிலவுரிமை பல பத்தாண்டுகள் மறுக்கப்பட்டது. 2000இல் வந்த சட்டம்தான் ஃபர்னஸ் கிரீக்கில் 314 ஏக்கரை அவர்களுக்குத் திருப்பித் தந்தது. குளிருக்குக் கீழே, வெயிலுக்கு மேலே என்ற அவர்களுடைய கணக்கை மிஞ்சிய பயணத் திட்டம் எதுவும் இங்கே இல்லை.

பிறகு நேரம்

மாதம் முடிவானதும் ஒவ்வொரு நாளையும் நான்காகப் பிரித்தோம். விடியல், காலை, மத்தியானம், அந்தி. விடியலுக்கும் அந்திக்கும் ஒவ்வொரு இடம். அவ்வளவுதான். காலையில் கொஞ்சம் நடை. மத்தியானம் சாப்பாடு, தூக்கம், அல்லது அடுத்த ஊருக்கான கார்ப் பயணம். இரவு வானத்துக்கு.

இதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. பாலைவனத்தில் மேடுபள்ளத்தை மறைக்க மரம் கிடையாது. சாய்ந்த வெளிச்சம் விழும்போதுதான் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிழல் கிடைத்து, நிலத்துக்கு உருவம் வருகிறது. உச்சி வெயிலில் நிழல் இல்லை, அதனால் உருவமும் இல்லை. ஜூலையில் நாங்கள் பார்த்தது அந்த உருவமற்ற வெண்மையைத்தான்.

நாளைத் தேர்ந்தெடுக்க நாட்காட்டித் தாளும் உதவியது. அம்மா சொன்னபடி அமாவாசையை ஒட்டித் தேதி குறித்தோம். டெத் வேலி, ஜாஷுவா ட்ரீ இரண்டுமே சர்வதேச இருள்வானப் பூங்காக்கள் என்ற அங்கீகாரம் பெற்றவை. பௌர்ணமியில் போனால் மணல்மேடுகள் நிலவொளியில் அழகாக இருக்கும், ஆனால் விண்மீன்கள் மங்கிவிடும்.

முதல் இரண்டு நாட்கள்: டெத் வேலி

லாஸ் வேகாஸிலிருந்து ஃபர்னஸ் கிரீக் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். வழியில், நெவாடா எல்லைக்குள் டெவில்ஸ் ஹோல் என்ற பாறைக்குழி இருக்கிறது. பூங்காவிலிருந்து தள்ளிக் கிடந்தாலும் அதுவும் டெத் வேலிப் பூங்காவின் பகுதிதான். அதில் உள்ள வெதுவெதுப்பான நீரில் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மீன் வாழ்கிறது. உலகில் வேறு எங்கும் அந்த இனம் இயற்கையாக இல்லை. அக்கம்பக்கத்துப் பண்ணையில் ஆழ்துளைக் கிணறுகள் நீரை உறிஞ்சியதால் குழியின் நீர்மட்டம் இறங்கியபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1976இல் தீர்ப்பு மீனின் பக்கம் வந்தது. நிலத்தடி நீருக்காக அன்றாடம் போராடும் நமக்கு இந்த மீனின் கதையில் படிக்க வேண்டிய பாடம் உண்டு.

முதல் நாள் பிற்பகலில் போய்ச் சேர்ந்தால் போதும். ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் என்ற 14 கிலோமீட்டர் ஒருவழிச் சாலை பிற்பகல் வெளிச்சத்துக்கே உரியது. எரிமலைச் சாம்பலில் கலந்த கனிமங்கள் மலைச்சரிவில் நிறமாக வெளிப்பட்டிருக்கின்றன. இரும்பு துருவேறிய இடம் சிவப்பும் மஞ்சளும் இளஞ்சிவப்பும். மாங்கனீசு ஊதா. பச்சைகூட உண்டு, அதில் ஓர் இலைகூடக் கிடையாது.

அங்கிருந்து நேராகப் பேட்வாட்டர். மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். ஜூலையில் எங்களை விரட்டிய அதே இடத்தில், பிப்ரவரியில் அம்மா சால்வை போர்த்திக்கொண்டு முக்கால் மணி நேரம் நடந்தார். உப்பு தரையில் அறுகோணம் அறுகோணமாகக் கட்டம் போட்டிருந்தது. கட்டங்களின் விளிம்பு மட்டும் விரல் உயரத்துக்கு எழும்பியிருந்தது. எதிரே 3,368 மீட்டர் உயரத்தில் டெலஸ்கோப் சிகரம், உச்சியில் பனியோடு. கீழே உப்பு வெள்ளை, மேலே பனி வெள்ளை. திரும்பி நின்று கிழக்குப் பாறையை அண்ணாந்து பார்த்தால், உயரத்தில் 'கடல் மட்டம்' என்று ஒரு சிறு பலகை தெரியும். அது இல்லையென்றால் எவ்வளவு கீழே நிற்கிறோம் என்பது உறைக்காது.

இந்த உப்புவெளி சில சமயம் ஏரியாகிவிடுகிறது. 2023 ஆகஸ்ட் 20 அன்று, ஹிலரி புயலின் மிச்சம் ஓராண்டு மழையைவிட அதிகமாக ஒரே நாளில் கொட்டியது. சாலைகள் அடித்துச்செல்லப்பட்டு, பூங்கா இரண்டு மாதம் மூடிக்கிடந்தது. திறந்தபோது பேட்வாட்டரில் தண்ணீர் தேங்கி, அடுத்த ஆண்டு மார்ச் வரை சிலர் படகு விடும் அளவுக்கு நின்றது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமான ஏரி ஒன்று இருந்தது. நிலம் அதை மறக்கவில்லை.

இரண்டாம் நாள் விடியல், சப்ரிஸ்கி பாயிண்ட். ஆறு மணிக்கே அங்கே இருங்கள். பெரும்பாலோர் சூரியன் வரும் கிழக்கைத் தேடுகிறார்கள். இங்கே மேற்கே பார்க்க வேண்டும். முதலில் டெலஸ்கோப் சிகரத்தின் பனி சிவக்கும். அந்தச் சிவப்பு மலையில் மெல்ல வழிந்து கீழே வரும். பிறகு உப்புவெளி. கடைசியாகத்தான் உங்கள் காலடியில் உள்ள மண்மடிப்புகள் பொன்னிறமாகும். பழைய ஏரி ஒன்றின் வண்டல் அவை. தண்ணீரே இல்லாத நிலத்தை இப்படி மடித்து வைத்தது எப்போதாவது வரும் தண்ணீர்தான். முக்கால் மணி நேரம் இந்த ஒன்று போதும்.

காலை உணவுக்குப் பிறகு ஃபர்னஸ் கிரீக் தகவல் மையம், பக்கத்திலேயே ஹார்மனி போராக்ஸ் ஆலையின் இடிபாடு. 1883 முதல் 1888 வரை, இங்கே எடுத்த வெண்காரத்தைக் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகள் 265 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த மொஹாவி ரயில் நிலையத்துக்கு இழுத்துப்போயின. வண்டிகளில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அதன் சக்கரத்தின் பக்கத்தில் நின்றால் அந்தத் தூரத்தின் பாரம் விளங்கும்.

அந்திக்கு மெஸ்கீட் ஃப்ளாட் மணல்மேடுகள். ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து 40 கிலோமீட்டர். நடக்க முடியாதவர்கள் ஓரத்தில் உட்கார்ந்தாலே போதும். மணலில் யாரோ கோலப்புள்ளி வைத்துப்போனது போல வரிசையாகச் சின்னத் தடங்கள் தெரியும். வண்டுகளும் கங்காரு எலிகளும் நடந்த வழி அது. கங்காரு எலி தண்ணீர் குடிக்காமலே வாழக்கூடியது. தின்னும் விதையிலிருந்தே உடம்புக்கு வேண்டிய நீரை உண்டாக்கிக்கொள்ளும்.

அன்று இரவு கார் விளக்கை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் இருட்டில் நின்றோம். கண் பழக அவ்வளவு நேரம் வேண்டும். பிறகு வானம் நிரம்பியது. அம்மாதான் முதலில் கையை நீட்டினார். "அதோ கார்த்திகை. ஆறையும் எண்ணலாம் போலருக்கே. சின்ன வயசுல மொட்டை மாடியில எண்ணினதுக்கப்புறம் இப்பதான் எண்றேன்." கார்த்திகைக்குத் தெற்கே மிருகசீரிடம், அதன் தோளருகே சிவந்து திருவாதிரை. பால்வீதியின் அடர்ந்த நடுப்பகுதியைப் பார்க்க விரும்புகிறவர்கள் மார்ச், ஏப்ரலில் விடியலுக்கு முன் எழ வேண்டும்.

மூன்றாம் நாள்: பூங்காவிலிருந்து பூங்காவுக்கு

காலை எட்டு மணிக்கு டான்டேஸ் வியூ. 1,669 மீட்டர் உயரத்திலிருந்து, முதல் நாள் நடந்த உப்புவெளி மொத்தமும் காலடியில் விரியும். அங்கே நடந்துபோகும் மனிதர்கள் தெரியமாட்டார்கள். நாம் அங்கே எப்படி இருந்திருப்போம் என்பது அப்போது விளங்கும்.

பிறகு தெற்கே, ஷோஷோனி என்ற சிற்றூர் வழியாகப் பேக்கர். அங்கே 134 அடி உயரத் தெர்மாமீட்டர் ஒன்று நிற்கிறது. 1913இல் பதிவான வெப்பம் ஃபாரன்ஹீட்டில் 134 டிகிரி என்பதால் அந்த உயரம். பேக்கரில் பெட்ரோல் தொட்டியை முழுதாக நிரப்புங்கள். அடுத்து வரும் மொஹாவி தேசியக் காப்புநிலத்துக்குள் பெட்ரோல் கிடையாது.

மொஹாவியைப் பலரும் வெறும் வழி என்று கடந்துவிடுகிறார்கள். 1924இல் கட்டிய கெல்சோ ரயில் நிலையத்தின் பக்கம் மரநிழல் உண்டு. அங்கேதான் பொட்டலத்தைப் பிரித்தோம். தெற்கே கெல்சோ மணல்மேடுகள் தரையிலிருந்து 200 மீட்டர் உயரம். ஈரமில்லாத நாளில் அதன் சரிவில் மணல் சரியும்போது அடிவயிற்றில் அதிர்வது போல ஒரு ரீங்காரம் எழும். மணல் பாடுகிறது என்பார்கள்.

காப்புநிலத்தின் வடக்கே சிமா குன்றில் ஜாஷுவா மரங்களின் மிக அடர்ந்த காடு ஒன்று இருந்தது. பாலைவனம் என்ற சொல்லில் உள்ள வனத்தை அங்கே கண்ணாலேயே பார்க்க முடிந்தது. 2020 ஆகஸ்டில் இடி விழுந்து பிடித்த தீயில் ஏறத்தாழ 13 லட்சம் மரங்கள் அழிந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த மரங்களுக்குத் தீ பழக்கமில்லை. வெளியிலிருந்து வந்து பரவிய புல்வகைகள், இடைவெளி விட்டு வளர்ந்த செடிகளுக்கு நடுவே காய்ந்து கிடந்து தீயை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுபோகின்றன.

ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து, ஆம்பாய் வழியாக, ஜாஷுவா ட்ரீயின் வடக்கு வாசலான ட்வென்டிநைன் பாம்ஸ் வரை ஏறத்தாழ 385 கிலோமீட்டர். சாலை எல்லாம் திறந்திருந்தால் ஓட்டும் நேரம் மட்டும் ஐந்து மணி நேரம். மத்தியானத்தைச் சாலைக்குக் கொடுத்துவிட்டால் அந்திக்குப் பூங்காவுக்குள் இருக்கலாம்.

கை தூக்கிய மரங்கள்

ஜாஷுவா ட்ரீ பூங்காவுக்குள், ஜம்போ ராக்ஸ் பக்கம் காரை நிறுத்தி இறங்கினால், யாரோ யானைக்குட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போலப் பாறைகள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமிக்குள் குளிர்ந்து இறுகிய தீப்பாறை இது. மண்ணுக்கடியில் இருந்தபோதே விரிசல்களில் கசிந்த நீர் அதன் மூலைகளைக் கரைத்து உருட்டியது. பிறகு மேல்மண்ணை வெள்ளம் வாரிக்கொண்டு போக, உருண்டைகள் வெளியே வந்தன.

அவற்றுக்கிடையே ஜாஷுவா மரங்கள். மரம் என்கிறோம், ஆனால் தாவரவியலில் இது யூக்கா இனம். தண்டில் ஆண்டு வளையம் இல்லாததால் வயதை எண்ணிச் சொல்ல முடியாது. நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டி வாழ்பவை உண்டு. மோர்மன் மதத்தைச் சேர்ந்த குடியேறிகளுக்கு இதன் கிளைகள், விவிலியத்தில் வரும் யோசுவா கைதூக்கி நிற்பது போலத் தோன்றியதாம். அதனால் இந்தப் பெயர் என்பது அங்கே சொல்லப்படும் கதை.

இதன் வாழ்க்கை ஒரு சின்ன அந்துப்பூச்சியின் கையில் இருக்கிறது. யூக்கா அந்துப்பூச்சி மகரந்தத்தை உருட்டி எடுத்துப்போய் அடுத்த பூவில் வைக்கும். அதே பூவில் முட்டையும் இடும். பிறக்கும் புழு விதைகளில் சிலவற்றைத் தின்னும், மிச்சம் மரத்துக்கு. இந்தப் பூச்சி இல்லாமல் இந்த மரத்துக்கு விதை இல்லை. விதையைத் தூரம் கொண்டுபோனது, இப்போது அழிந்துவிட்ட ராட்சதத் தரை ஸ்லாத் என்ற விலங்கு என்று கருதுகிறார்கள். இன்று எலி, அணில் போன்ற சிறு பிராணிகள்தான் விதையை நகர்த்துகின்றன. அவற்றால் வெகுதூரம் போக முடியாது. நிலம் சூடாகிக்கொண்டே வருகிறது. குளிர்ச்சி உள்ள இடம் தேடி இந்த மரங்கள் நகர்வதற்குள் காலம் முந்திவிடுமோ என்பதுதான் ஆய்வாளர்களின் கவலை.

இந்த நிலம் பூங்காவானது ஒரு பெண்மணியின் பிடிவாதத்தால். பாசடீனாவில் வாழ்ந்த மினர்வா ஹோய்ட், தோட்டங்களில் நடுவதற்காகப் பாலைவனச் செடிகளை வேரோடு பெயர்த்துப்போவதைக் கண்டு கலங்கினார். ஊர் ஊராகப் பாலைவனச் செடிகளின் கண்காட்சி வைத்தார். 1936இல் இது தேசிய நினைவிடமானது. 1994 அக்டோபர் 31 அன்று, கலிஃபோர்னியப் பாலைவனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, டெத் வேலியும் ஜாஷுவா ட்ரீயும் ஒரே நாளில் தேசியப் பூங்காக்களாயின. காப்பது ஒரு நாளில் முடிந்துவிடவில்லை. 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் அரசு முடங்கிக் காவலர் குறைந்தபோது, ஜாஷுவா மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். அம்மா இதைக் கேட்டு அந்த மரங்களில் ஒன்றைத் தொட்டும் தொடாமலும் கொஞ்ச நேரம் நின்றார்.

நான்காம் நாள் காலையில் ஹிடன் வேலியில் ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டப்பாதை, அதன்பின் 1,580 மீட்டர் உயரத்தில் கீஸ் வியூ. அங்கிருந்து கீழே பார்த்தால், கலிஃபோர்னியாவின் பல நிலநடுக்கங்களுக்குக் காரணமான சான் ஆன்ட்ரியாஸ் பிளவு ஓடும் தடம் தெரியும். பிற்பகலில் கிளம்பினால் இரவுக்குள் லாஸ் ஏஞ்சலஸ்.

எதை விடுவது?

குறுகிய பயணத்தில் விடுவதுதான் கடினம். டெத் வேலியின் ரேஸ்டிராக் பிளாயாவில், காய்ந்த ஏரித்தரையில் பாறைகள் தாமாக நகர்ந்து தடம் போட்டிருக்கும். மெல்லிய பனித்தகடும் இளங்காற்றும் சேர்ந்து அவற்றைத் தள்ளுவதை 2013 டிசம்பரில் ஆய்வாளர்கள் நேரில் கண்டு, 2014இல் வெளியிட்டார்கள். ஆனால் அங்கே போக 43 கிலோமீட்டர் கரடுமுரடான கல்பாதை. டயரைக் கிழிக்கும் கற்கள். சாதாரண வாடகைக் காரில், அதுவும் வயதானவர்களோடு போக வேண்டாம். ஒரு நாள் முழுதும் அதற்கே போய்விடும்.

புறப்படும் முன்

தங்குமிடம்: டெத் வேலிக்குள் ஃபர்னஸ் கிரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ் முதலிய சில இடங்களில் மட்டும் விடுதி உண்டு. மூன்று நான்கு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். ஜாஷுவா ட்ரீக்குள் கூடாரம் அடிக்க மட்டுமே இடம். விடுதிக்கு ட்வென்டிநைன் பாம்ஸ், யுக்கா வேலி போன்ற பக்கத்து ஊர்கள்.

கட்டணம்: இரண்டு பூங்காக்களிலும் தனித்தனியே ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். அமெரிக்காவில் வசிப்போருக்கான ஆண்டு அட்டை 80 டாலர். மொஹாவிக்குக் கட்டணமில்லை. இவை மாறக்கூடியவை என்பதால் பூங்காவின் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். எந்தச் சாலை மூடியிருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும்.

தண்ணீர்: ஒருவருக்கு ஒரு நாளுக்கு நான்கு லிட்டர். குளிர்காலத்திலும் குறைக்காதீர்கள். காற்று வறண்டிருப்பதால் வியர்ப்பதே தெரியாது. ஜாஷுவா ட்ரீயின் நடுப்பகுதியில் குழாய்த் தண்ணீர் கிடையாது. உப்புப் போட்ட மோரும் புளியோதரையும் எங்களுக்குக் கைகொடுத்தன.

வழி: இரண்டு பூங்காக்களிலும் பெரும்பகுதியில் செல்பேசி எடுக்காது. வரைபடத்தைச் செல்பேசியில் முன்பே இறக்கிவையுங்கள், காகித வரைபடமும் ஒன்று இருக்கட்டும். கார் நின்றுவிட்டால் காரை விட்டு நடக்காதீர்கள். உதவிக்கு வருபவர்களின் கண்ணில் முதலில் படுவது கார்தான்.

உடை: விடியலில் குல்லா, கம்பளி. பத்து மணிக்கு மேல் தொப்பி, கண்ணாடி. டார்ச் விளக்கு சிவப்பு வெளிச்சம் தருவதாக இருந்தால் இருட்டுக்குப் பழகிய கண் கூசாது.

உயிர்கள்: வெயில் நாளில் காரை எடுக்கும் முன் குனிந்து அடியில் பாருங்கள். பாலைவன ஆமை நிழல் தேடி அங்கே படுத்திருக்கலாம். அதைத் தூக்கவே கூடாது. மிரண்டால், மாதக்கணக்கில் சேர்த்து வைத்த நீரை வெளியேற்றிவிடும். அடுத்த மழைக்குள் அது செத்துப்போகலாம். கல்லோ உப்போ ஒரு துண்டுகூட எடுத்து வர வேண்டாம்.

நான்காம் நாள் விடியல்

கடைசி நாள் ஐந்தரை மணிக்கே ட்வென்டிநைன் பாம்ஸிலிருந்து கிளம்பினோம். பூங்காவுக்குள் சாலை இறங்க இறங்க ஜாஷுவா மரங்கள் மறைந்தன. மொஹாவிப் பாலைவனம் முடிந்து, வெப்பம் மிகுந்த கொலராடோப் பாலைவனம் தொடங்கும் இடம் அது. அங்கே சாலையோரத்தில் சோய்யாக் கள்ளித் தோட்டம். இடுப்பளவு உயரத்தில் ஆயிரக்கணக்கான கள்ளிகள், பூனைமுடி போல மெத்தென்று தோன்றும். தொட்டால் துண்டோடு கழன்று சதையில் ஏறிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் கையால் இழுக்காமல், சீப்பைக் கொடுத்து நெம்பி எடுக்க வேண்டும். அதற்காகவே தங்கை பையில் சீப்பு வைத்திருந்தாள்.

ஆறரை மணி. கிழக்கே குன்றின் விளிம்பு வெளுத்தது. சூரியன் தலைகாட்டியதும், எங்களுக்கு அப்பால் தூரத்தில் இருந்த ஒரு கள்ளியின் முட்களில் வெளிச்சம் பற்றியது. பிறகு பக்கத்துக் கள்ளி. பிறகு ஒரு வரிசை. கார்த்திகை தீபத்தன்று தெருவில் வீடு வீடாக அகல் ஏற்றிக்கொண்டே வருவது போல, ஒளி ஒவ்வொரு செடியாக எங்களை நோக்கி நடந்து வந்தது. யாரும் பேசவில்லை. அம்மா, நடைபாதையின் ஓரத்தில் மடக்கு நாற்காலியில், சால்வைக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அடுத்து ஹிடன் வேலி, அத்தை. கிளம்பலாமா?" என்றார் மாப்பிள்ளை.

"இருங்க மாப்பிள்ளை. இது முழுசா விடியட்டும்" என்றார் அம்மா. ஃப்ளாஸ்க்கைத் திறந்து, மூடியில் இன்னொரு வாய் காபி ஊற்றிக்கொண்டார்.